பின்வாசல் வளைவு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசலாம் என்றால் உனக்குப் பாதி காதில் விழுவதில்லை. முப்பத்தொரு வருஷம் மிஷின் சத்தம் தின்ற காது. நான் கத்த, நீ கத்த, நாம் சண்டை போடுகிறோம் என்று பக்கத்து வீட்டில் நினைக்கிறார்கள். அதனால் வழக்கம் போலக் கடிதம்.

ஒரு சேதி. உன் கோல்ஃப் கிளப்பின் கோப்பு என் மேஜைக்கு வந்திருக்கிறது. கிளப் கட்டடத்தைப் பெரிதாக்கப் போகிறார்களாமே? முந்நூறு பேர் உட்காரும் மண்டபம், மாடியில் சாப்பாட்டுக்கூடம், நூற்றுநாற்பது கார் நிறுத்த இடம். இவ்வளவும் வந்தால் சாலையில் எத்தனை வண்டி கூடும், சாலை தாங்குமா என்று அறிக்கை கொடுத்தால்தான் நகராட்சி அனுமதி தரும். கிளப்புக்காக அதை எங்கள் ஆலோசனை நிறுவனம்தான் தருகிறது, எழுதப்போவது நான். என் பெயரில் கையெழுத்துப் போடப்போகும் முதல் அறிக்கை.

என் அண்ணன் அங்கே வேலை செய்கிறான் என்று எங்கள் தலைமைப் பொறியாளரிடம் மறைக்காமல் சொன்னேன். "புல்லு வெட்டுறவர்தானேம்மா, பங்குதாரர் இல்லையே. இடம் தெரிஞ்ச ஆள் செஞ்சா நல்லதுதான்" என்றுவிட்டார்.

நீ எனக்குக் கொஞ்சம் உதவ வேண்டும். வேலையாட்கள் எந்தக் கேட் வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு? சனிக்கிழமை மாலை எப்படி இருக்கும்? பார்த்ததை அப்படியே எழுது.

உன் வாலு


பிப்ரவரி 12

அன்புத் தங்கை வாலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அண்ணியின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரிடமும் காட்டினேன். என் தங்கை சொன்னால்தான் இந்தக் கட்டடமே எழும்பும் என்று கொஞ்சம் அளந்தும் விட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பெரிய சாலையில் இருக்கும் முன்வாசல் உறுப்பினர்களுக்கு. நாங்கள் அறுபது பேரும் பின்வாசல்தான். பாதிப் பேர் சைக்கிள், பாதிப் பேர் நடை. ஆறு மணிக்கு வேலை முடியும். குறுக்குவழி என்று சில உறுப்பினர்களும் அதே நேரத்தில் அந்தப் பக்கமாகத்தான் காரில் வருவார்கள். அந்தச் சாலை எவ்வளவு ஒடுக்கம் என்று உனக்குத் தெரியும். கேட்டை ஒட்டி வளைவு. வளைவை மறைத்துப் புதர்வேலி, என்னைவிட உயரம். ஆடுகிறவர்கள் கண்ணில் சாலை படக்கூடாது என்று கிளப் செயலாளர் அதன் உயரத்தைக் குறைக்க விடுவதில்லை. நான்தான் பக்கவாட்டில் மட்டும் வெட்டிவிடுகிறேன். புது மண்டபத்துக்கு அந்தப் பின்வாசல்தான் முக்கிய வழி என்று பேசிக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயம். புதுக் கட்டடம் வந்தால் சாமான் அறைக்கு ஒரு பொறுப்பாள் வேண்டுமாம். "உங்களைத்தான் மனசுல வச்சிருக்கேன்" என்று செயலாளர் சொன்னார். உட்கார்ந்து பார்க்கும் வேலை, வாலு. தலைக்கு மேலே கூரை. ஐம்பத்து நாலு வயதில் வேறென்ன கேட்கப் போகிறேன்?

இங்கே வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வயதான உறுப்பினர் உண்டு. தொப்பிக்காரர் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். தினமும் வண்டியை நிறுத்தி என்னிடம் இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். நீ என் தங்கை என்றதும் அவருக்கும் சந்தோஷம்.

அறிக்கை எப்போது முடியும்?

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். போன வாரம் அங்கே வந்தபோது உங்களோடு ஒரு வேளை கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று அண்ணிக்கு வருத்தம் இருக்கும். எண்ணிக்கை எடுக்க வந்த ஆட்களைத் திரும்ப அழைத்துப்போக வேண்டியிருந்தது. அடுத்த முறை தங்குகிறேன் என்று சொல்.

பின்வாசலில் நான் குந்தி உட்கார்ந்து அளந்ததைப் பார்த்து உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். சாலை எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது என்பதைக் காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். என்ன வந்தது என்று நீ அன்றே கேட்டாய். கணக்கெல்லாம் முடியட்டும், எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல். அந்த வளைவில் கடந்த ஐந்து வருஷத்தில் விபத்து ஏதாவது நடந்ததுண்டா? காவல் நிலையப் பதிவில் ஒன்றுமே இல்லை. உனக்குத் தெரியாமல் இருக்காது.

இங்கே மழை விட்டபாடில்லை. துணி காய மூன்று நாளாகிறது.

உன் வாலு


ஏப்ரல் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். உன் அண்ணனுக்கு வேலை அதிகம், உட்கார நேரமில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

விபத்து பற்றிக் கேட்டிருந்தாய். அப்படி எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

என் முழங்கால் பரவாயில்லை. வாசலில் நிற்கும் செடி பூத்திருக்கிறது. அறிக்கை எப்போது முடியும் என்று கேட்கச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம்தான். நீ நலமா என்பதுதான் கேள்வி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி எனக்கு எழுதிய கடிதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவையும் உன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி. இந்தத் தடவை ஒரு முழுப் பக்கம், அதில் உன் எழுத்து ஒன்றுகூட இல்லை. புல் வளரும் காலத்தில்கூட உட்கார்ந்து எனக்கு நாலு பக்கம் எழுதுகிறவன் நீ. என்ன வேலை அப்படி?

போன் செய்தேன். அண்ணி எடுத்தார்கள். நீ குளிக்கிறாய் என்றார்கள். மறுநாளும் குளித்தாய்.

அறிக்கை எப்படி வரும் என்று கேட்காதே. இரண்டு வாரமாகத் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. வேலைப் பளுதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு வரி, உன் கையால் எழுதி அனுப்பு.

உன் வாலு


மே 2

வாலுக்கு,

சுகம். பேனா சரியில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

சாமான் அறை வேலை எனக்குத்தான் என்று செயலாளர் மறுபடியும் சொன்னார். பின்வாசல் பற்றி ரொம்ப எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. பழகிய சாலை. நாங்கள் பார்த்துத்தான் போகிறோம்.

சாப்பிடு.

அண்ணன்


மே 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போன கடிதத்தில் நலம் என்று எழுதியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

மார்ச் 11, புதன்கிழமை. ஆறேகால் மணிக்கு உன் அண்ணன் சைக்கிளில் பின்வாசலை விட்டு வெளியே வந்தார். வளைவில் கார் வந்தது. இவர் காரைப் பார்க்கவில்லை, கார் இவரைப் பார்க்கவில்லை. வேகம் ஒன்றும் பெரிதில்லையாம். ஆனால் இவர் வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அதைப் பிரித்து இரண்டு வாரம்தான் ஆகிறது. உனக்கு வந்த அந்த நாலு வரி இடது கையால் எழுதியது.

கார் ஓட்டியவர் அந்தத் தொப்பிக்காரர். பாவம், அவரே இவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மூன்றாம் நாள் செயலாளர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "போலீஸ் கீலீஸ்னு போனா கட்டடம் நின்னுடும். கட்டடம் இல்லைன்னா அந்த வேலையும் இல்ல. பேசாம இருந்தா எல்லாருக்கும் நல்லது" என்றார். அதட்டவில்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

உனக்காவது சொல்லலாம் என்றேன். "அவளுக்குத் தெரிஞ்சா எழுதாம இருக்க மாட்டா. எழுதினா வேலை போச்சு. எழுதலைன்னா அவ தூக்கம் போச்சு. தெரியாமலே இருக்கட்டும்" என்று உன் அண்ணன் சொல்லிவிட்டார்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. எனக்குப் பதில் போடாதே, தபாலை அவர்தான் வாங்குவார்.

அண்ணி


மே 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி மேல் கோபப்படாதே. பட வேண்டுமென்றால் என் மேல் படு, நானும் உன்னிடம் மறைத்தவள்தான்.

பின்வாசலில் நிற்கிறவருக்கு, வருகிற கார் எழுபது மீட்டருக்கு அப்பாலேயே தெரிய வேண்டும். நான் அளந்தபோது முப்பத்தெட்டு மீட்டர்தான் வந்தது. அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் சாமான் அறை, தலைக்கு மேல் கூரை, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. கணக்கு முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். சொல்லியிருந்தால் பதினொன்றாம் தேதி நீ சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு போயிருப்பாய். இதை எத்தனை தடவை நினைத்துவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அறிக்கையில் எழுபது, முப்பத்தெட்டு இரண்டையும் எழுதினேன். தலைமைப் பொறியாளர் அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டு, "ஐந்து ஆண்டுகளில் விபத்து எதுவும் பதிவாகவில்லை" என்ற வரியை முன்னால் கொண்டுவந்தார். விபத்தே இல்லாதபோது முப்பத்தெட்டு மீட்டர் போதும் என்பது அவர் வாதம். அண்ணியின் கடிதம் வந்த அன்று அவரிடம் போய், விபத்து நடந்திருக்கிறது என்றேன்.

"பதிவு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப விபத்து இல்லம்மா."

அடிபட்டது என் அண்ணன் என்றேன். அப்படியானால் நான் இந்த வேலையிலேயே இருக்கக்கூடாது என்று கோப்பை எடுத்துக்கொண்டார். விதிப்படி அது சரிதான். ஆனால் அந்த வரி அப்படியே இருக்கிறது. இனி அவர் கையெழுத்தில் போகும்.

ஜூன் 20ஆம் தேதி நகராட்சியில் கருத்துக்கேட்புக் கூட்டம். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், நான் மட்டும் பேச முடியாது. உன்னைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வரவில்லை.

கை எப்படி இருக்கிறது? உண்மையை எழுது.

வாலு


ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் தெரியவில்லை.

ஒரு மாதமாகிறது. தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் நான் அலுவலகத்துக்குப் புறப்படாமல் நிற்கிறேன். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கோபம் என்றால் திட்டியாவது எழுது.

நேற்று அந்தச் சாலையின் எண்ணிக்கைத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை, ஆறு மணி முதல் ஆறரை வரை, வெளியே வந்த சைக்கிள் இருபத்தெட்டு என்று கோடு போட்டிருக்கிறது. அதில் ஒரு கோடு நீ. நான் எண்ண வந்த புதன் அது. இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால் என் கண் முன்னாலேயே நடந்திருக்கும்.

நீ கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீ என் அண்ணன்தான். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

வாலு


ஜூன் 23

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். கோபம் எல்லாம் இல்லை. எழுத உட்கார்ந்தால் போகப்போகிறேனா இல்லையா என்று உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கே தெரியாததை என்னவென்று எழுதுவேன்? இடது கை இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போனேன். அண்ணியும் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் செயலாளர், பக்கத்தில் தொப்பிக்காரர், இன்னும் சில உறுப்பினர்கள். உன் தலைமைப் பொறியாளர் பெரிய வரைபடத்தை மாட்டி நன்றாகத்தான் பேசினார். அந்த வரிக்கு வந்தார். ஐந்து ஆண்டுகளில் விபத்து எதுவும் இல்லை.

எழுந்துவிட்டேன் வாலு. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கூட எழவில்லை. அண்ணி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், இழுக்கவா தாங்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலைமை தாங்கிய அம்மா யார் நீங்கள் என்று கேட்டார்.

"அங்க புல்லு வெட்டுறவங்க. அவர் ஏட்டுல எழுதாத விபத்து ஒண்ணு இருக்குங்க. அது நான்தான்."

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். தழும்பு நீளமானது, கடைசி வரிசையிலிருந்தே தெரிந்திருக்கும். ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டார்கள். பயம்தான் என்றேன். வேறு நல்ல வார்த்தை அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. மோதியது யார் என்று கேட்டார்கள். சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டேன். அந்த மனிதரைச் சபையில் நிறுத்த எனக்கு மனசில்லை.

செயலாளர் ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். "கார் என்னோடது. அந்த வளைவுல இவர் வர்றது எனக்குத் தெரியவே இல்ல. நாளைக்கும் தெரியாது, அடுத்த வருஷமும் தெரியாது" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் மூன்று பேர் எழுந்து, மயிரிழையில் தப்பிய கதைகளைச் சொன்னார்கள். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்களோ.

தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை பின்வாசலில் கார் போகக்கூடாது. எங்களுக்கும் முன்வாசலைத் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். செயலாளர் என்னைத் தாண்டிப் போனார், ஏதோ மரத்தைத் தாண்டுவது போல.

அண்ணன்


ஜூலை 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் இருவருக்கும் என் அன்பு.

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துவிட்டு மாடிப்படியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது என்னை ஒரு பெட்ரோல் நிலையத்துக் கோப்பில் போட்டிருக்கிறார்கள். தலைமைப் பொறியாளர் இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று என் மேஜைக்கு வந்து, திருத்திய அறிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். "பதிவாகாத விபத்து ஒன்று உண்டு" என்று மாற்றியிருக்கிறார். பார்வைத் தூரமும் முன்னால் வந்திருக்கிறது.

அது கிடக்கட்டும். மே மாதத்தில் கையைப் பற்றிக் கேட்டேன். நாலு பக்கம் எழுதினாய், தழும்பு நீளம் என்றாய். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. உன்னைப் போல நானும் மறைத்துப் பழகியவள், அதனால் எனக்குத் தெரியும்.

உன் வாலு


ஆகஸ்ட் 8

அன்புத் தங்கை வாலுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. மண்டபம் பாதி அளவுதான் கட்டலாம். வழி பெரிய சாலைப் பக்கம் மட்டும். பின்வாசல் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும். புதர்வேலியை இடுப்பளவுக்கு வெட்டியாயிற்று. சாமான் அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார், நல்ல பையன்.

நீ கேட்டதற்குப் பதில். வலது கை மூடுவதில்லை. விரல்கள் பாதி தூரம் வந்து நின்றுவிடுகின்றன. மிஷினின் பிடியை அழுத்திக்கொண்டே ஓட்ட வேண்டும், விட்டால் நின்றுவிடும். மே மாதத்திலிருந்து அந்தப் பிடியைத் துணியால் கட்டிவைத்து ஓட்டுகிறேன். தப்பு என்று தெரியும். அதனால்தான் அந்த உட்கார்ந்து பார்க்கும் வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. ஆசைக்கு இல்லை.

பரவாயில்லாமலும் ஆகி வருகிறது. வீட்டில் பாட்டில் மூடிகளை இப்போது நானே திறக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் முடியவில்லை. இப்படியே போனால் வருஷக் கடைசிக்குள் பிடியும் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அண்ணிக்கு இது எதுவும் தெரியாது. வலி இல்லை, கை சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் உனக்கு எழுதுகிறேன். நாளை மறுநாள் வேலையிலும் சொல்லிவிடப் போகிறேன். துணியைக் கட்டி ஓட்டினால் மிஷின் தானாக நிற்காது, அடுத்து வெட்டுப்படப்போவது கால்தான். அதற்குப் பிறகு என்ன வேலை தருவார்களோ, தருவார்களோ மாட்டார்களோ.

நீ ஒரு தடவை வந்து தங்கு.

அண்ணன்

நாத்தனாருக்கு, அண்ணி இரண்டு வரி. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், உறையை ஒட்டவில்லை, படித்துவிட்டேன். வீட்டில் இருக்கும் அத்தனை மூடிகளையும் தினமும் காலையில் தளர்த்தி வைப்பது நான்தான். பழைய வேட்டித் துணி நாலு விரல் அகலம் குறைந்தபோதே மிஷின் விஷயமும் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை வாசலில்தான் நிற்கிறேன். நான் படித்ததாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே. இந்த ஒரு தடவை அவராகவே என்னிடம் வந்து சொல்லட்டும். சீக்கிரம் புறப்பட்டு வா.